லேகன்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

லேகன். கோட்டைக்கு வந்த ஆங்கிலக் கப்பல்காரன் இன்று சொன்ன சொல். ஒல்லாந்தருக்கு இத்தனை காலம் துபாஷியாக இருந்தும் நான் இதைக் கேட்டதில்லை. 'லே'யை அழுத்தி, 'கன்'னைப் பாதி விழுங்க வேண்டுமாம். பொருளையும் அவனே சொன்னான். புயலில் கடலில் இறக்கி, பிறகு வந்து எடுத்துக்கொள்ள மிதப்புக் கட்டை கட்டிவிட்ட சரக்கு. மிதப்பு இல்லாத சரக்கை எடுத்தால் வெகுமானம். மிதப்பு உள்ளதை எடுத்தால் திருட்டு.

அப்படி மிதப்புக் கட்டி அவன் கடலில் விட்டிருந்த பெட்டியை எடுத்துவந்தவன் என் தங்கை புருஷன். இப்போது காவலில் இருக்கிறான். அடுத்தவன் வலை மிதப்போடு அடித்துவந்தால் கரைசேர்த்து, உடையவன் வரும்வரை வைத்திருப்பது எங்கள் குப்பத்து வழக்கம். மடையன், அதையேதான் செய்திருக்கிறான்.

சாயங்காலம் தங்கை ஓடிவந்தாள். கையில் அந்த மிதப்புக் கட்டை.

"இத காட்டுண்ணா. அடையாளத்துக்குனு அவரு பத்திரமா வச்சிருந்தாரு. பாத்தா வுட்டுடுவாங்க இல்ல?"

வாங்கி வைத்துக்கொண்டேன். இதை அடுப்பில் போட்டுவிடலாம். ஆனால் நாளை விசாரணையில் அவன் மிதப்பு இருந்ததென்று உள்ளதைத்தான் சொல்வான். அதை ஒல்லாந்தருக்கு எடுத்துச் சொல்லவேண்டிய வாய் என்னுடையது.