கல்தேயர் என்று சொன்னதால்

அன்புள்ள அப்பா,

அறுவடை நேரத்தில் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இந்த ஹில்லா ஊரில், வாடகை அறையில் எனக்குக் குறையில்லை.

நேற்று வீட்டுக்கார அம்மாவிடம் நாம் கல்தேயர் என்றேன். உடனே கதவைச் சாத்தி என் கையைப் பிடித்தார். அவர் மகன் சஜ்ஜாத் காணாமல் போனவன்.

"நீங்க நட்சத்திரம் பார்க்கிறவங்கதானே? என் பையன் இருக்கானா, சொல்லு."

"அது பாபிலோன் காலத்து அர்த்தம்மா. இப்ப அது எங்க கிறிஸ்தவ சபையோட பேரு."

"பேரை வச்சுக்கிட்டு வித்தையை ஒளிக்கிறியா? அப்ப செத்துட்டானா?"

பிடி இறுகியது. "இல்லை" என்றுதான் வாயில் வந்தது.

இன்று அவன் படுக்கையை வெயிலில் போட்டிருக்கிறார். மாலையில் மறுபடி வருவாராம், எந்த நாளில் வருவான் என்று கேட்க.

வழக்கம்போல் பாலாடைக்கட்டி அனுப்ப வேண்டாம். நீங்களே வாருங்கள், அப்பா.

நஹ்ரீன்