நடுவர் விசில் ஊதியபோது

அன்புள்ள அம்மணிக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம். “சம்பளம் வாங்கி ஆடுற பசங்களுக்கு ரிட்டயரான வாத்தியார் என்னங்க சொல்லிக்குடுப்பீங்க?” என்று டெல்லிக்குக் கிளம்பும்போது கேட்டாயே, நேற்று பதில் கிடைத்தது.

நம் தாராபுரத்துப் பையன் எழில் இனி ஒருமுறை நடுவரிடம் சண்டை போட்டால் கூடைப்பந்து அணியை விட்டே நீக்கிவிடுவதாக அணி நிர்வாகத்தினர் சொல்லியிருந்தார்கள். அவனுக்குப் புத்தி சொல்லத்தானே பழைய வாத்தியாரான என்னை அணியோடு வரச்சொன்னார்கள். “பேப்பர் திருத்தினவரோட சண்டை போட்டுட்டிருந்தா அடுத்த பரீட்சைக்கு எப்பக் கண்ணு படிப்பே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நேற்று கடைசி நிமிடத்தில், அவன் செய்யாத தவறுக்கு விசில் ஊதினார்கள். அவன் வாய் திறக்கவில்லை. நான்தான் பெஞ்சிலிருந்து எழுந்து கத்திப்போட்டேன். எழில் ஓடிவந்து, “உக்காருங்க சார், என்னைய விட்டுப்போட்டு உங்களை ஊருக்கு அனுப்பிருவாங்க” என்றான். ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அவன் அணியில் இருக்கிறான்; அப்பாடா என்று தூங்கினேன்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. பஸ் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் போனில் போட்டு, பெஞ்சில் ஓரமாக என்னைத் தேடிப் பார்.