அரிசிக் கடை கேட்கப் போய் நீ வாங்கிய ஹால்

மச்சான்,

நம் அந்தமான் பாம்பூஃப்ளாட்டில் இன்று காலை முதல் மழை. ஹாலின் படாக் மரச்சுவர் நனைந்து அந்தப் பழைய வாசனை வருகிறது. பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். ஆமாம், நான்தான்! இங்கே நடக்கும் முதியோர் வகுப்பில் எழுதப் படித்துவிட்டேன். 'ழ' இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது. உனக்குத்தான் முதல் கடிதம் என்று எப்போதோ முடிவு செய்தாயிற்று. நீ இருந்தபோது வாயால் கேட்க முடியாததை எல்லாம் எழுத வேண்டும்.

அப்போது நம் கரையில் சர்க்கார் அரிசிக் கடை கிடையாது. போட் ஏறி அக்கரை போய் வரிசையில் நின்றால் அன்றைக்குக் கடல் தொழில் போச்சு. காற்று மழையில் போட் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் நம் சங்கத்துக்கு நீ செக்ரட்டரி. சர்க்காரிடம் முதலில் எதைக் கேட்பது என்று சனத்தையே கேட்டாய். யாருக்கும் எழுத்து தெரியாது என்பதால் மூன்று சிரட்டை வைத்தாய். ஒன்றில் அரிசி, ஒன்றில் போட் கயிறு, ஒன்றில் மரச்சில்லு. அரிசிக் கடையா, கூடுதல் போட்டா, சங்கத்துக்கு ஹாலா? வேண்டியதில் ஆளுக்கொரு சோழி போடச் சொன்னாய்.

"என்ன வேணும்னு சங்கம் சொல்லக் கூடாதுல, சனம் சொல்லணும்" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமை!

அரிசிச் சிரட்டை நிறைந்து வழிந்தது. மரச்சில்லுச் சிரட்டையில் உன் சோழியும், கோயில் மணியடிக்கிற சூசையின் சோழியும்தான். "சூசை அண்ணன் கண்ணு தெரியாமப் போட்டுட்டாரு" என்று என் வீட்டுக்காரி அன்னம்மாள் கேலி செய்தாள். நீயும் சிரித்தாய்.

பெரிய ஆபீசர் போட் அடையும் ஜெட்டிக்கு வந்தபோது எல்லாரும் உன் முதுகுக்குப் பின்னால் நின்றோம். நீ இங்கிலீஷில் பேசினாய். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எங்கள் பக்கம் திரும்பி, "டீக் ஹை, ஆப் லோக் கா ஹால் பன் ஜாயேகா" என்றார். சரி, உங்கள் ஹால் எழும்பிவிடும் என்கிற அந்த ஹிந்தி எல்லாருக்கும் புரிந்தது. சூசை மட்டும் கைதட்டினார்.

"ஹாலை அவிச்சுத் திங்கவா அண்ணே?" என்று அன்னம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"அரிசிக் கடைன்னா மெயின்லாண்டுக்கு எழுதிப் போடுவான், வருசக்கணக்கா இழுக்கும் தங்கச்சி. மரம் இங்கயே கெடக்கு. கெடைக்கிறதக் கேட்டேன்."

"கெடைக்காட்டியும் நாங்க சொன்னதத்தான கேட்டிருக்கணும்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் கடலைப் பார்த்தேன்.

ஹால் எழும்பியது. அந்த வருச மழையில் போட் நின்று, அரிசி வராமல்போய், புது ஹால் தாழ்வாரத்தில்தான் எல்லாருக்கும் மரவள்ளிக் கிழங்கு அவித்தோம். நீயும் வந்து ஓரமாக உட்கார்ந்து தின்றாய். அன்னம்மாள் உனக்கு இரண்டு துண்டு அதிகம் வைத்தாள். அதன் பிறகு நாம் பேசியதெல்லாம் காற்று, வலை, மீன். அரிசிக் கடை வந்தபோது நீ இல்லை.

உன் கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். ஹால் கிடைத்தது, அதில் எனக்கு எழுத்தும் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தும் கூடிவரும்போது சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறேன். ஆனால் எங்கள் வாயை வாங்கிப்போய் உன் பேச்சைப் பேசினாயே, அது மட்டும் ஆறவில்லை. சந்தோஷமும் வருத்தமும் இதே பெஞ்சில் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன.

நாளை வேறொரு ஆபீசர் வருகிறார். சங்கத்துப் பையன்கள் மறுபடி சிரட்டை வைத்தார்கள். இந்தத் தடவை நிறைந்தது கயிற்றுச் சிரட்டை. "யாரு பேசுறது தாத்தா?" என்று கேட்டார்கள். நான் எழுந்து போய், யார் பேசினாலும் அதையே பேசும்படி, ஹால் சுவரில் சுண்ணாம்பால், வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி எழுதிவிட்டேன்: ஆஸ்பத்திரி போக இரவு போட் வேண்டும்.

உன் சுவர்தான், மச்சான். பேச்சு எங்களுடையது.