சிலமலை விதை நெல், மூன்று ஏக்கர்

செவ்வாய், 14

காலையிலிருந்து மூட்டம். மேற்கே போடிமெட்டு தெரியவில்லை.

இன்று சிலமலையில் மாயாண்டி அண்ணன் வயலில் அறுவடை மிஷினை இறக்குவதாகச் சொல்லியிருந்தேன். இறக்கவில்லை. மிஷினுக்குள், போன ஊரில் அறுத்த குண்டு நெல் கிடக்கிறது. அவருடையது விதை நெல். வேற்று மணி கலக்கக் கூடாது. டேங்க், சல்லடை, நெல் ஏறும் குழாய் எல்லாம் கழற்றித் தட்டினேன். இரண்டு படி வந்தது. கோழிக்கு.

போன வருடம் வேறொருவர் மிஷின். கதிரடிக்கும் டிரம்மை விரட்டியதில் மணி கீறி, முளைப்புப் போய், விதைச் சான்று ஆபீசில் விதையைத் தள்ளிவிட்டார்கள். இந்த முறையும் தள்ளினால் விதைப்பண்ணை அவர் கையை விட்டுப் போகும். அதனால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். சரியான ஆளைத்தான்.

வாங்க வேண்டியது: கிரீஸ், பெல்ட் 1, தலைவலி மாத்திரை.

புதன், 15

பனி காய்ந்து பதினொன்றுக்கு ஆரம்பம். டிரம் வேகம் குறைத்து, காற்றாடி பாதி. முதல் கை நெல்: தூசி இல்லை, பதராய்ப் போன கருக்காய் நாலைந்து. உரித்துப் பார்த்தேன், அரிசியில் கீறல் இல்லை.

மா. அண்ணன் பின்னாலேயே வந்து வைக்கோலை உதறுகிறார்.

"ஆத்தா, தாள்ல நெல்லு நிக்குது பாரு. ரேஸக் கூட்டு."

"கூட்டுனா முளைப்புப் போயிரும்ணே. போன வருசம் பட்டது பத்தாதா?"

அவர் முகம் சுண்டிப்போனது. அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆனால் அவர் சொன்னது உண்மை. வாய்க்கால் ஓரம் தாள் பச்சை. டிரம் வேகத்தைத் தொடவில்லை. டிரம்முக்குக் கீழே இருக்கும் அடித்தட்டை ஒரு நூல் நெருக்கி, வண்டியை மெதுவாக நகர்த்தினேன். வைக்கோல் சுத்தம். நீங்கள் சொன்னது சரி என்று அவரிடம் சொல்லவில்லை.

நாலரைக்கு மழை. 2 ஏக்கர் முடிந்து நெல் கொட்டகையில் பத்திரம். 1 ஏக்கர் நிற்கிறது.

வீட்டில் முளைப்புப் பார்க்க நூறு மணி எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டினேன். இந்த ரகம் அறுத்த கையோடு முளைக்கும்.

வெள்ளி, 17

விடாத மழை. நின்ற ஏக்கர் சாய்ந்துவிட்டதாம். வெரசாக ஓட்டியிருந்தால் முடிந்திருக்கும். மூன்று ஏக்கர் நெல்லும் கீறலோடு. நான் செய்தது சரி. சோறு இறங்கவில்லை.

அவர் போன் எடுக்கவில்லை. மூன்று தடவை.

சாக்கைப் பிரிக்கக் கை பரபரக்கிறது. பிரிக்கவில்லை.

ஞாயிறு, 19

வெயில். சாக்கைப் பிரித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. இரண்டு முறை எண்ணினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட் அம்மா, "கைப்பிள்ள கணக்கா வச்சிருக்கீக" என்றார். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

மா. அண்ணன் சாய்ந்த ஏக்கருக்குள் நின்றார். சாக்கை நீட்டினேன். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"தொண்ணூத்தி நாலு. விதை தேறிரும் ஆத்தா."

பிறகு குனிந்து, சேற்றில் கிடந்த கதிர் ஒன்றை என் கையில் வைத்தார். மணிக்கு மணி வெள்ளை முளை, இனி விதைக்கு ஆகாது.

"இதையும் எண்ணு."

எண்ணினேன். ஒன்று தப்பவில்லை.

"அடுத்த போகத்துக்கும் நீதான் அறுக்கணும்" என்றார். "ஆனா ஒரு நாள் பிந்தாம, சொன்ன அன்னைக்கே வா."