லாய்டின் தார்ப்பாதையில் ஒரு கறை

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். அண்ணன் ட்ராவிஸ், அம்மாவுக்கு மஞ்சள் துலிப் பூ வாங்கி வந்தான். அதைக் கொடுப்பதற்குள் லாய்ட் அவனை வெளியே கூப்பிட்டார்.

லாய்ட் பாதையில் மண்டியிட்டிருந்தார். சர்ச்சில்கூட அவர் அப்படி மண்டியிட்டு நான் பார்த்ததில்லை. கராஜ் கதவிலிருந்து தெரு வரைக்கும் போகும் தார்ப்பாதை. வீடு அவருடையது, பாதை அவருடையது, அம்மாவைக் கட்டிய பிறகு நாங்களும் அவருடையவர்கள். அண்ணனின் பழைய பிக்கப் வண்டி நிற்கும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எண்ணெய்க் கறை. எப்போதும் அடியில் அட்டை வைத்துத்தான் நிறுத்துவான். நேற்று ஏரிக்காற்றில் அட்டை பறந்துவிட்டது.

“எண்ணெய் தாரைத் தின்னும், தெரியுமா? கல்லு மாதிரி இருக்கறதைக் கூழாக்கிடும். உன் வண்டியும் உன்னை மாதிரித்தான்டா. நின்ன இடத்தை நாசம் பண்ணும்.”

“தொடைச்சு விட்டுடறேன்.”

“நீ தொடைக்க வேண்டாம். வண்டியை எடு. உன் துணிமணியையும் எடுத்துக்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ட்ராவிஸும் சிரித்தான். லாய்ட் சிரிக்கவில்லை.

அம்மா சமையலறையில், அவன் மேசையில் விட்டுப்போன பூவின் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பையோடு தாண்டிப் போனபோதும் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் பூ ஜாடியில் நிற்கவில்லை. தண்டு அவ்வளவு குட்டையாகிவிட்டது.

மே 12

லாய்ட் கம்பி பிரஷ்ஷை என் மடியில் போட்டார். “பள்ளிக்கூடம் வேண்டாம்னு வந்துட்டே. சாப்பாடு மட்டும் வேணும்ல? இது உன் வேலை. உங்க அண்ணன் விட்டுட்டுப் போன சொத்து. நல்லாத் தேய்.”

வேண்டாம் என்று நான் வரவில்லை. பிப்ரவரியில் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பின் வரிசை மேசைகளைத் தட்டத் தொடங்கியது. ஊ-மை, ஊ-மை என்று. ஆசிரியையும் கொஞ்சம் சிரித்தாள். நான் பார்த்தேன். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும்.

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய?

மே 20

பூனைக் கழிவுத் தட்டில் போடும் மண்ணைக் கொட்டி, எண்ணெயை உறிஞ்ச ஒரு நாள் விட்டுக் கூட்டினேன். பாத்திர சோப்பு. கொதிநீர். கறை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. என் விரல்கள் கருத்திருக்கின்றன.

ஜூன் 8, ஞாயிறு

ட்ராவிஸ் போன் பண்ணினான். டொலீடோ நகரத்தில் வண்டி சைலன்சர் மாற்றும் கடையில் வேலை. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் படுத்துக்கொள்கிறான்.

“என்ன பண்றே, எலி?” அவன் மட்டும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

“உன் கறையைத் தேய்க்கறேன்.”

“ஒரு ஓரத்தை விட்டு வைடி. என் ஞாபகத்துக்கு.”

சிரித்தான். பிறகு, “அம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?” என்றான்.

கேட்டாள் என்றேன்.

ஜூன் 19

வெடிப்புகளில் முளைத்திருந்த டேண்டிலியன் களையை எல்லாம் வேரோடு பிடுங்கினேன். வேர் அறுந்தால் லாய்ட் என்னைத் திரும்பத் தோண்டச் சொல்கிறார். ஓர் எறும்புப் புற்று. அதிலும் கொதிநீர்தான். அவரே கெண்டியைக் கொண்டுவந்து ஊற்றினார். மெதுவாக, சுற்றிச் சுற்றி.

ஜூலை 4

எதிர் வீட்டு பெர்க்ஹார்ட்டைச் சுதந்திர தின விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார் லாய்ட். சாஸேஜ், சோளம், பியர். பெர்க்ஹார்ட்டுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. தெருவிலேயே கருப்பான தார்ப்பாதை இருக்கிறது. அதனால் லாய்டுக்கு அவரைப் பிடிக்காது. அதனால்தான் கூப்பிடுகிறார்.

பெர்க்ஹார்ட் கறையைப் பார்த்துவிட்டு, “இது போகாது லாய்ட். வெட்டி எடுக்கணும்” என்றார்.

“எங்க வீட்டு ஊமைக்கோட்டான் போக்கிடும்.”

“பந்தயமா? இந்தப் பொண்ணு இதைப் போக்கிட்டா என்ன குடுப்பே?”

அப்போதுதான், எனக்கே தெரியாமல், “அண்ணன் வரணும்” என்று சொல்லிவிட்டேன். மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா சாஸேஜைப் பார்த்தாள்.

லாய்டுக்கு ரெண்டு பியர் உள்ளே போயிருந்தது. கையை விரித்தார். “வரட்டுமே! செப்டம்பர்ல வர்ற தொழிலாளர் தின லீவுக்குள்ள கறை போயிருச்சுன்னா, அவன் வண்டி இங்கேயே நிக்கலாம். அவன் இங்கேயே இருக்கலாம். போதுமா?”

“நான் சாட்சி” என்றார் பெர்க்ஹார்ட், சோளத்தைக் கடித்தபடி.

நான் பேசினேன். பேசினேன்!

ஜூலை 22

இந்த மாதம் முழுக்க ஒரே வேலை. கறை இப்போது சாஸர் அளவு. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெரிகிறது. வெடிப்புகளில் எல்லாம் தார்க்கயிறு வைத்து உருக்கி அடைத்தாயிற்று. உருகியது ஒரு சொட்டு முழங்காலில் விழுந்தது. லாய்ட் பாதையைத்தான் குனிந்து பார்த்தார்.

ஆகஸ்ட் 16, சனி

பூச்சு.

கறை இருந்த இடத்தில் முதலில் ப்ரைமர். அது காய்ந்த பிறகு முழுப் பாதைக்கும் கருப்புப் பூச்சு. வாளியைக் கலக்கிக் கலக்கித் தோள் கழன்றுவிட்டது. கராஜ் வாசலில் தொடங்கிப் பின்னால் நடந்தபடியே ரப்பர் பட்டையால் இழுத்துக்கொண்டு தெரு வரை போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் அங்கே கோடு விழும். லாய்ட் புல்லில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “இடது. இடதுன்னா உனக்கு எந்தக் கை? பள்ளிக்கூடத்துல இதையாவது சொல்லிக் குடுத்தாங்களா?”

முடித்துவிட்டுத் தெருமுனையில் மஞ்சள் நாடா கட்டினேன். பெர்க்ஹார்ட் வந்து வெகுநேரம் பார்த்தார். கறையைத் தேடினார். இல்லை.

“லாய்ட், உன் கதை முடிஞ்சுது” என்றார்.

லாய்ட் நாற்காலியை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆகஸ்ட் 21

நேற்று நல்ல மழை. கறை வரவில்லை.

ஆகஸ்ட் 24

ட்ராவிஸிடம் சொன்னேன். “நிஜமாவா, எலி?” என்றான். அடுத்த சனிக்கிழமை வருகிறான். “அட்டை வேண்டாம்டி, தகர ட்ரே ஒண்ணு வாங்கிட்டேன். காத்துல பறக்காது. லாய்டுகிட்ட சொல்லு.”

அவன் படுக்கைக்கு விரிப்பு மாற்றினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

லாய்ட் பாத்ரோப்பில் இருந்தார். கையில் புல்வெட்டும் மிஷினுக்கு ஊற்றும் எண்ணெய் டப்பா. அந்த இடத்துக்குப் போனார். தப்பாமல் சரியாக அந்த இடத்துக்கே. சாய்த்தார். கொஞ்சம்தான். செருப்பால் வட்டமாகத் தேய்த்துவிட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அவர் பாதை. மண்டியிட்டுத் தடவும் பாதை. ஒரு இலை விழுந்தால் கத்துகிற மனுஷன் தன் கையாலேயே—

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பெர்க்ஹார்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தியா? மேல எதைப் பூசினாலும் அடியில இருக்கறது வெளிய வந்துடும். பரம்பரைக் கறை.”

பெர்க்ஹார்ட் குனிந்து விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்றே?”

சொல்லு. சொல்லு. நாக்கு எங்கே போச்சு? தொண்டை வரைக்கும் வந்துச்சே. வாய் திறந்தேன். அதே பிப்ரவரி.

“அது பேசாது. பேசாமத்தானே பள்ளிக்கூடத்துலேர்ந்து வெளிய வந்துச்சு” என்றார் லாய்ட்.

பெர்க்ஹார்ட் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். “கறை கறைதான்” என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார்.

ட்ராவிஸுக்கு அம்மா போன் பண்ணினாள். “மறுபடி வந்துடுச்சுப்பா, நாங்க என்ன பண்றது” என்றாள். வானிலை சொல்வதுபோல.

செப்டம்பர் 1

அம்மா முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து காலை வெந்நீரில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். குளியலறை ஜன்னல், டப்பா, செருப்பு, எல்லாம். முழுசாகச் சொன்னேன், ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“அன்னிக்கு அவர் கையில எண்ணெய் வாடை அடிச்சுது.” காலைத் துண்டால் துடைத்தாள். “ஒரு வீட்டுல ரெண்டு ஆம்பளை எதுக்கு, ட்ரினா? எனக்குச் சண்டை இல்லாத வீடு வேணும். அவன் சின்னப் பையன், பொழைச்சுக்குவான். நீயும் இதை வெளிய சொல்லாதே.” பிறகு ஏதோ நல்ல செய்தி போல, “உனக்குத்தான் பேச்சே வராதே” என்று என் முட்டியைத் தட்டினாள்.

வெந்நீரைக் கொண்டுபோய் நான்தான் கொட்டினேன்.

செப்டம்பர் 3

விரிப்பை உருவி மடித்து வைத்தேன்.

அக்டோபர் 11, சனி

லாய்டின் எண்ணெய் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது. கட்டை விரலை அழுத்தினால் குழி விழுகிறது. பனிக்கு முன்னால் வெட்டி எடுத்துப் புதுக் கலவை போடச் சொன்னார். மூட்டையில் வரும் தார்க்கலவை. குழியை ஆழமாக வெட்ட வேண்டும், அடியில் ஜல்லி போட்டு இடிக்க வேண்டும், பிறகு கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். “நடுவுல காலி விட்டா தண்ணி இறங்கும். தண்ணி உறைஞ்சா தாரைத் தூக்கும். புரியுதா? தலையை ஆட்டு.”

தலையை ஆட்டினேன். லாய்ட் சந்தைக்குப் போய்விட்டார்.

குழியை ஆழமாக வெட்டினேன். அவர் சொன்னதைவிட ஆழமாக. வேலியோரம் மேப்பிள் இலை குவிந்து நனைந்து கிடந்தது. இரண்டு கைகளாலும் அள்ளி வந்தேன். சிவப்பு, மஞ்சள், நல்ல நல்ல இலை. குழி நிறைய அடுக்கினேன். குழாயைத் திறந்து தண்ணீர் விட்டேன். மேலே ஒரு விரல் கனத்துக்குக் கலவை. ரொம்ப மெதுவாக இடித்தேன், ரொட்டி மாவைத் தட்டுவதுபோல. விளிம்பில் பூச்சு தடவி மழுக்கினேன்.

வந்தவர் அதன்மேல் மெல்லக் கால் வைத்துப் பார்த்தார். குனிந்து தடவினார். இணைப்பே தெரியவில்லை.

“பரவாயில்லையே! வாழ்க்கையில மொத தடவையா ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கே.”

“இன்னும் காயலை. வண்டி ஏத்தாதீங்க” என்றேன்.

மஞ்சள் நாடாவை அவரே கட்டினார். மீந்த கலவையை வைத்துப் புதிதாக விட்டிருந்த வெடிப்புகளையும் மூடச் சொன்னார். மூடினேன். மேலாக.

அக்டோபர் 12

பயமாக இருக்கும் என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ட்ராவிஸ் தெருமுனை பெட்ரோல் பங்க்கில் காத்திருந்தான். அவன் சக்கரம் பாதையில் பட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று லாய்ட் சொல்லியிருக்கிறார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

லாய்ட் இலை வாரிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

“எங்க?”

“அண்ணன்கிட்ட.”

கொஞ்ச நேரம் பார்த்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். “நடுவுல நட. விளிம்பை மிதிக்காதே, நொறுங்கும்” என்றார்.

நடுவில் நடந்தேன். அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு.

டிசம்பர் 14

டொலீடோ. கடைக்குப் பின்னால் ஒரே அறை. நான் முன்பக்கம் போனை எடுத்துப் பேசுகிறேன். முதல் வாரம் நாலைந்து தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். இப்போது இல்லை. இங்கே என் குரலை யாரும் இதற்கு முன் கேட்டதில்லை.

ஊர்ப் பக்கம் கடும் பனி என்று ரேடியோவில் சொன்னார்கள். பகலில் உருகி ராத்திரி உறைகிறதாம். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

மார்ச் 9

அம்மா அழைத்தாள். தார் மேலே எழும்பிப் பிளந்துவிட்டதாம். பனி மூடி இருந்ததால் தெரியவில்லை. லாய்ட் பனி தள்ளும் மிஷினோடு அதில் காலை விட்டு, மிஷின் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு. பெர்க்ஹார்ட் தன் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தாராம், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாராம்.

“பாதை பூரா வெடிச்சுக் கிடக்கு. ஜன்னல் பக்கத்துல உக்காந்து அதையே பாத்துட்டு அழறார்டி. என்னால தனியாத் தூக்கி உக்கார வைக்க முடியலை. ட்ராவிஸ் வருவானா, கேளேன்.”

“பனி ஜாஸ்தி போல இந்த வருஷம்” என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

ட்ராவிஸ் மறுக்கவே இல்லை. அவன் அப்படித்தான்.

தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, “இங்கேயே விட்டுட்டு நடக்கலாமா?” என்றான்.

“உள்ள ஏத்து.”

ஜன்னலில் லாய்டின் முகம். மாவுக்கட்டுப் போட்ட கால் ஒரு ஸ்டூலில். வாய் அசைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை.

ட்ராவிஸ் குழியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து கையை விட்டான். கருப்பாக, சொதசொதவென்று ஒரு கை அள்ளினான். அதில் ஒரு இலை மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது.

“இதுக்குள்ள இலை எப்படிடி போச்சு?”

“காத்துல வந்திருக்கும்.”

என்னைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். கையை உதறிப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். அப்புறம் வண்டிக்குப் போய், சீட்டுக்குப் பின்னாலிருந்து தகர ட்ரேயை இழுத்தான். புதுசு. ஒட்டியிருந்த விலைச் சீட்டுகூட அப்படியே.

“அதை உள்ளேயே வை” என்றேன்.

வைத்துவிட்டான். அவன் லாய்டைத் தூக்கி உட்கார வைக்க வீட்டுக்குள் போனான். நான் வண்டிக்கு அடியில் குனிந்து, முதல் எண்ணெய்ச் சொட்டு விழும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனேன்.