ஜோடி மாறிய மோடம்

கம்பம்மெட்டு
14 ஜூலை 1995

மகன் பாண்டித்துரைக்கு அம்மா எழுதுவது. நீயும் சிவசங்கரியும் கோயம்புத்தூரில் நலமென்று நம்புகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். மோடத்தை நான் கெடுக்கவில்லை. ஏலக்காய் வாங்க வந்த உன் சித்தப்பா மகன் சுடலைமணி, காய் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "என்ன பெரியம்மா, பெட்டிய ஒடச்சிட்டியளாமே? ஒங்களுக்கு அந்த வேகம் தாங்கலன்னு அண்ணன் சொல்லுது" என்றான். பெண்கள் சிரித்தார்கள். "ஒன் தராசு முள்ளு எப்பவும் ஒரு பக்கமே சாயுதே, அத மொதல்ல பாருலே" என்று அவனை அனுப்பிவிட்டேன். உன்னை அப்படி விடமாட்டேன்.

உன் அப்பா காலமான வருடம், ஒரே கம்பெனியின் இரண்டு மோடங்களை நீதான் வாங்கினாய். ஒன்று உன் கல்லூரி அறைக்கு, ஒன்று இந்த வீட்டுக்கு. வேறொன்று விளம்பரத்தில் இன்னும் வேகமாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே மழை பிடித்தால் தொலைபேசியில் அப்பளம் பொரிகிற சத்தம். அந்த இரைச்சலிலும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இணைப்பை விடாமல் வேலையை முடிப்பது இதுதான் என்று படித்துப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தேன். தன் ஜோடியோடு பேசும்போது மட்டுமே அதற்கு அந்த வேகம், வேறெதோடு பேசினாலும் ஆமைதான் என்று எனக்கு விளக்கியவன் நீ.

அந்த ஜோடியை நீ மாற்றிவிட்டாய். உன் பக்கம் புது மோடம் மாட்டியதை என்னிடம் சொல்லவில்லை. ஆமை வேகத்தில் இணைந்ததாகக் கணினி காட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். நீ வேகமானதை வாங்கினாய், நம் இருவருக்கும் வேகம் போயிற்று. படித்தவன் செய்கிற காரியமா இது?

இப்போது என்ன நடக்கிறது, கேள். உலகத்தில் யார் யாரோ எழுதும் செய்திக்குழுக்களெல்லாம் உன் கணினியிலிருந்து விடியற்காலையில் இங்கே இறங்கத் தொடங்கும். பாதியில் இணைப்பு அறுந்தால் அந்தச் செய்திக் கட்டு மறுபடி முதலிலிருந்து வரும். சினிமாச் சண்டையும் கிரிக்கெட் சண்டையும் வந்து முடிவதற்குள் பொழுது போய்விடுகிறது. பக்கத்துத் தோட்டத்து ஜோமோளின் ஏலச்செடியில் அழுகல் விழுந்திருக்கிறது. அவளுக்காகப் பயிர்நோய்க் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். தினமும் குடையோடு வந்து, "அம்மா, ஒந்நும் வந்நில்லே?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல?

வரிசையில் கடைசியில் நிற்பது 'வீடு' என்ற குழு. நீ உண்டாக்கியது. அதில் உலகம் இல்லை, நீயும் நானும்தான். ஆங்கில எழுத்தில் நீ தமிழைப் படுத்திய பாடு எனக்குப் பிடித்ததே இல்லை. ஆனாலும் சிவசங்கரியின் இருமல், உன் மாணவர்களின் அசட்டுத்தனம், மதியம் சாப்பிட்ட புளிச்சோறு எல்லாவற்றையும் வாசித்த பிறகுதான் காப்பி குடிப்பேன். மழை தொடங்கியதிலிருந்து 'வீடு' வரவே இல்லை. இணைப்பு அறுந்து வராமல் போனதா, நீ எழுதவே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பழைய மோடம் இருந்தவரை எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை.

"ஓணத்தோட இந்த மோடம் வேலைய நிறுத்திட்டு ஒங்கள இங்க கூட்டிட்டு வந்திரணும்னு அவுக நெனைக்காக, அத்தை" என்று சிவசங்கரி போனில் சொன்னாள். நினைத்தவன் எங்கே? தோட்டத்தை விட்டு நான் வருவதாக இல்லை. பழைய மோடத்தை மறுபடி மாட்டு. முடியாதென்றால் உன்னுடையதைப் போலவே ஒன்று இங்கே அனுப்பு. மலைக்கம்பியில் அது படும் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜோடியாக இருந்தால் போதும்.

இருவரும் நன்றாக இருங்கள். அவள் இருமலுக்கு மருத்துவரைப் பார்க்கச் சொல். மழையில் வண்டியை மெதுவாக ஓட்டு.

கான்வென்ட்டில் இன்பமேரி சிஸ்டர் எங்களைக் கேட்டதைப் போலவே கேட்கிறேன், முழு வாக்கியத்தில் பதில் சொல். இந்த மழையில் 'வீடு' குழுவில் எனக்கு ஏதாவது எழுதினாயா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது. போனில் வேண்டாம், சுடலைமணி வாயிலும் வேண்டாம். காகிதத்தில், தமிழ் எழுத்தில், உன் கையால் பதில் எழுது.

அம்மா