நடுத்தூணுக்கு அறுத்த வெள்ளைச் சேவல் குறித்து

அனுப்புநர்:
திவினா கபோர்னெஸ்,
படகோட்டி, தோணித்துறை,
பரங்காய் கன்லுமாய்,
சான் பெலாயோ, சமார் தீவு.

பெறுநர்:
மாவட்டப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணிப் பொறியியல் அலுவலகம்,
சான் பெலாயோ.

பொருள்: லுமாய் ஆற்றுப் பாலப்பணி – ஒப்பந்த மாற்றாணைகளைக் கவனிக்கும் பொறியாளர் அம்பாரோ கபுகாவ் அவர்களை இடம் மாற்றுவதை எதிர்த்துப் புகார்.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள இடமாற்ற உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

புகார் மனு என்றால் அதிகாரியைத் திட்டித்தான் எழுதுவார்கள். நான் ஓர் அதிகாரியைப் புகழ்ந்து எழுதுகிறேன். புகார் அவரை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மீது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. லுமாய் ஆற்றில் படகு விட்டுப் பிழைப்பவள் நான். என் கணவர் எஃப்ரெனுக்குக் குடல்வால் வெடித்த அன்று ஆற்றில் வெள்ளம். அக்கரையில் மருத்துவமனை, இக்கரையில் நாங்கள். வெள்ளம் வடியட்டும் என்று கரையிலேயே படுக்க வைத்திருந்தோம். வெள்ளம் வடியும் முன்பே அவர் போய்விட்டார். படகோட்டியின் புருஷனுக்கே படகு உதவவில்லை. பாலம் எங்களுக்கு எதற்கு என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

2. பாலத்தின் நடுத்தூண் நிற்க வேண்டிய இடத்தை வரைபடத்தில் குறித்தவர்கள் ஆற்றைப் பார்த்துக் குறித்தார்களோ, ஆற்றின் படத்தைப் பார்த்துக் குறித்தார்களோ தெரியாது. துளை போட்டுச் சோதிக்கும் முன்பே எங்கள் ஊர்க்காரர்கள் திருவிழா நாளாகப் பார்த்து அந்த இடத்தில் சேவலறுத்து இரத்தம் விட்டுவிட்டார்கள். கட்டடம் எதுவானாலும் அடிவாரத்துக்கு முதலில் இரத்தம் கொடுக்காவிட்டால் பிறகு அது ஆளைக் கேட்கும் என்பது எங்கள் வழக்கம். அப்புறம் துளை போட்டார்கள். பாறை வரவில்லை. சேறு, சேறு, சேறுதான்.

3. தூணை மேலாற்றுப் பக்கம் நகர்த்த வேண்டும், அதற்கு ஒப்பந்தத்தைத் திருத்தும் மாற்றாணை வேண்டும் என்றார்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மாற்றாணை என்றால் எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று தங்களுக்குத் தெரியும். வேலையை முதலில் முடித்துவிட்டுக் காகிதத்தைப் பிறகு நீட்டுவார்கள். கான்கிரீட் இறுகிய பின் எவன் வேண்டாம் என்பான்? ஞானஸ்நானம் முடிந்த பிறகு ஞானத்தந்தையைத் தேடுகிற கதை. அப்படித்தான் நடக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. பொறியாளர் அம்மையார் அப்படிச் செய்யவில்லை. செய்தி கிடைத்ததும் என் படகில் ஏறி வந்து, துளையிலிருந்து எடுத்த சேற்றைக் கையில் பிசைந்து பார்த்தார். பிறகு ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி இஸ்லாவையும் எங்கள் பரங்காய் ஊராட்சித் தலைவரையும் உட்கார வைத்து மூன்றே கேள்வி கேட்டார்: "எதனால மாறுது? மாத்தலைன்னா என்ன ஆகும்? மாத்துனா வேற எதெல்லாம் மாறும்?" பதில்களைத் தானே எழுதி, பரங்காய் மண்டபத்தில் எங்கள் வாராய் மொழியில் உரக்க வாசித்தார். மீன் விற்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் கேட்டோம். யாருக்குச் சந்தேகம் என்றாலும் நிறுத்தி விளக்கினார். அதுவரை மாற்றாணை என்றால் திருட்டுக்கு இன்னொரு பெயர் என்று நினைத்திருந்த எனக்கு, அது ஆற்றோடு நேர்மையாகப் பேசித் தீர்க்கிற வழி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

5. அவர் தாமதம் செய்கிறார் என்று உத்தரவில் எழுதியிருக்கிறார்கள். ஐயா, இது அபாண்டம். அந்த மாற்றாணைக்காகத் தங்கள் அலுவலகப் படிகளை அவர் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று அக்கரையில் அவரை இறக்கிவிட்ட எனக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிட்டார். அந்தக் கையெழுத்து வரும்வரை ஒரு சட்டி கான்கிரீட்கூட ஊற்ற விடவில்லை என்பதும் உண்மை. இஸ்லா என்னை அக்கா முறையில் மனாய் என்று கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்: "இந்தம்மாகிட்ட ஒரு ஆணிய மாத்தி அடிக்கணும்னாலும் காரணம் சொல்லணும் மனாய்! என் பொண்டாட்டிகூட இவ்வளவு கேட்டதில்ல!" அம்மையார் சிரித்துக்கொண்டே அவரிடம் அண்ணா முறையில், "மை காயறதுக்கு முந்தி சிமெண்டு காயக்கூடாது மனோய்" என்பார். இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட விளையாட்டில் இதைச் சொல்கிறார்கள்.

6. இனி முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பணிநேரத்தில், ஒப்பந்தத்தில் இல்லாத சடங்கை நடத்த விட்டு வேலையை நிறுத்தினார் என்கிறது உத்தரவு. நடந்தது இது: ஆணை வந்து தூண் புதிய இடத்துக்கு நகர்ந்தது. ஆனால் இரத்தம் விழுந்தது பழைய இடத்தில். புதுக்குழிக்குள் இறங்கமாட்டோம் என்று தொழிலாளர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலையை நிறுத்தியது அவர்கள்; அம்மையார் அல்ல. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. புதுச் சேவல், ஊர்ச் சாப்பாடு, பாதிரியாருக்குக் காணிக்கை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் "கூடுதல் அடித்தளப் பணி" என்று இன்னொரு மாற்றாணை எழுதி நீட்டினார்கள். அடடா, என்ன மூளை! அம்மையார் அதைப் படித்துவிட்டு, "சேவல் எந்த அளவுகோல்லயும் அடித்தளம் ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

7. நான்தான் அவரிடம் கேட்டேன்: "உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டா எஞ்சினியர்?" அவர் சொன்னார்: "எனக்கில்ல மனாய். ஆனா அவ்வளவு ஆழத்துல இறங்குறவனுக்குக் கை நடுங்கக்கூடாது. அரசாங்கக் காசுல செய்யக்கூடாது, அவ்வளவுதான்." நான் வீட்டுக்குப் போய் என் கணவர் விட்டுப்போன கடைசிச் சண்டைச் சேவலைப் பிடித்து வந்தேன். வெள்ளைச் சேவல். அவர் பந்தயத்துக்கென்று வளர்த்தது. அவர் போன பிறகு அதைக் களத்தில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. காலை வேலை தொடங்கும் மணி அடிப்பதற்கு முன்பே அறுத்து, குழியில் இரத்தம் விட்டு, இஞ்சியும் பச்சைப் பப்பாளியும் போட்டுக் குழம்பு வைத்தோம். சண்டைச் சேவல் அல்லவா, கறி வேகவே இல்லை. அம்மையார் நின்றுகொண்டே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "தூண் இந்தக் கறி மாதிரி உறுதியா நிக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மணி அடித்தது; ஆட்கள் குழியில் இறங்கினார்கள். ஆற்றின் நடுவில் தூண் இன்று நிற்கிறது. இந்த மழையின் முதல் வெள்ளத்தில் அடித்து வந்த தென்னை மரம் அதில் மோதி இரண்டாக முறிந்தது. தூண் அசையவில்லை.

8. சேவல் அறுத்தபோது யாருக்கும் வலிக்கவில்லை. அப்புறம் ஏன் இப்போது வலிக்கிறது? எங்கள் கரையில் பாலம் முடிகிற இடத்திலிருந்து மேட்டுச் சாலை வரை கான்கிரீட் பாதை போட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதைச் சுருக்கி, மீதியை மண்ணால் நிரப்பிக்கொள்ளலாம் என்று புதிய மாற்றாணை கேட்கிறார்கள். கேட்கும்போதே மண்ணைக் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். அம்மையார் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். "மாத்தலைன்னா என்ன ஆகும்?" என்பதற்கு அவர்கள் காகிதத்தைத்தான் மறுபடி நீட்டினார்கள். கொட்டிய மண்ணை அள்ளச் சொன்னார். மண் லாரி துறைக்குத் திரும்பியது. அடுத்து வந்தது இடமாற்ற உத்தரவு. முடிச்சை நான் போடவில்லை ஐயா, தாங்களே போட்டுப் பாருங்கள்.

9. அந்த மண் பாதை முதல் வெள்ளத்திலேயே கரைந்து போகும். அப்புறம் எங்களுக்கு இருப்பது ஆற்றின் நடுவில் நிற்கிற அழகான பாலம்; அதில் ஏற மறுபடியும் என் படகு. அம்மையார் போய்விட்டால் அந்தக் காகிதத்தில் அடுத்து வருகிறவர் கையெழுத்துப் போடுவார் என்ற நம்பிக்கையில்தான் ஒப்பந்தக்காரர் மண் லாரியைத் துறையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் துடுப்புப் போடுகிறேன்.

பாலம் திறந்தால் என் படகுக்கு வேலை போய்விடும் என்று சிலர் எனக்காக வருத்தப்படுகிறார்கள். போகட்டும். எஃப்ரெனைக் கரையில் படுக்க வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் கான்கிரீட் பாதை வர வேண்டும். அது வந்து நான் படகைக் கவிழ்த்து வைக்கிற நாளுக்குத்தான் காத்திருக்கிறேன்.

ஆகையால், பாலத்தின் கடைசிப் பலகை எங்கள் கரையைத் தொடும்வரை பொறியாளர் அம்பாரோ கபுகாவ் அவர்களை இங்கிருந்து அசைக்காமல் இடமாற்ற உத்தரவை நிறுத்தி வைக்கும்படியும், பாதையைச் சுருக்கும் மாற்றாணையை அவர் செய்வதுபோலவே ஊர் மண்டபத்தில் வாசித்துக் காட்டிய பிறகே முடிவு செய்யும்படியும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சடங்குக்கு யாரையாவது தண்டித்தே தீர வேண்டும் என்றால், சேவல் என்னுடையது. அறுத்த கத்தியும் என்னுடையது. விசாரணைக்கு அழைத்தால் நேரில் வந்து சொல்வேன்.

ஆனால் மழை நாளாகப் பார்த்து அழைக்க வேண்டாம். வெள்ளம் வந்தால் என்னால் அக்கரைக்கு வர முடியாது. பாலம் இன்னும் எங்கள் கரைக்கு வந்து சேரவில்லை.

இடம்: கன்லுமாய்
நாள்: 9 அக்டோபர் 2017

தங்கள் பதிலுக்காகத் துறையில் காத்திருக்கும்,
திவினா கபோர்னெஸ்
(கையொப்பம்)